பேய்க் கல்லறைக்குள் போனால் ஆள் காலி!
சாகசப் புத்தகத்துக்கு மார்க் போடுவது எப்படி?

புத்தகத்தைப் படித்தவர் விளையாட முடியாது. விளையாடுகிறவர் படிக்கக் கூடாது! இப்படி ஒரு விசித்திரமான புத்தக வியாபாரம் அமெரிக்காவில் 50 ஆண்டுகளாக நடந்து வருகிறது.

சேலை என்றால் பிரித்துப் பார்க்கலாம். மாம்பழம் என்றால் முகர்ந்து பார்க்கலாம். இதை எப்படிப் பார்த்து வாங்குவது? அங்கேதான் சிக்கல்!

மேஜையைச் சுற்றி ஐந்து பேர்

1974ல் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் இருந்து ஒரு விளையாட்டு வெளிவந்தது. பெயர் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன்.

நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார வேண்டும். ஒருவர் வாள் வீரர். ஒருவர் மந்திரவாதி. இன்னொருவர் திருடன். ஆட்டத்தை நடத்துபவர் ஒருவர். அவருக்கு 'டன்ஜன் மாஸ்டர்' என்று பெயர்.

"கதவு பூட்டியிருக்கு. உள்ளே முனகல் சத்தம் கேக்குது. என்ன செய்யப் போறீங்க?" என்று அவர் கேட்பார்.

ஒருவர் உடைப்பேன் என்பார். ஒருவர் ஓடுவேன் என்பார். இருபது முகம் கொண்ட பகடையை உருட்டினால் முடிவு தெரிந்துவிடும்.

சரி, அந்தக் குகையையும் பூதத்தையும் யார் கற்பனை செய்வது? நடத்துபவரே செய்யலாம். ஆனால் நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வருகிறவருக்கு நேரம் ஏது? அதனால் அச்சடித்த சாகசத்தை வாங்குகிறார். அதில் வரைபடம் இருக்கும். எந்த அறையில் என்ன பூதம், எங்கே புதையல், எங்கே பொறி என்ற விவரம் எல்லாம் இருக்கும். இதற்கு 'மாட்யூல்' என்று பெயர்.

நாவல் மோசமாக இருந்தால் படித்த ஒருவருக்குத்தான் நஷ்டம். மாட்யூல் மோசமாக இருந்தால் ஐந்து பேரின் லீவு நாள் போச்சு! திட்டு வாங்குவது என்னவோ காசு போட்டு வாங்கிய மனுஷன்தான்.

பச்சைப் பிசாசின் வாய்

இந்த வகையில் பெரும் புகழும், அதே அளவு வசவும் வாங்கியது 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்'. பயங்கரக் கல்லறை என்று அர்த்தம். கைகாக்ஸ் எழுதியது. 1975ல் ஒரு மாநாட்டில் போட்டியாக நடந்தது. 1978ல் புத்தகமாக வந்தது.

"எங்க வீரனை யாராலும் அசைக்க முடியாது" என்று மார்தட்டியவர்களுக்குப் பாடம் புகட்டவே இதை அவர் எழுதினார்.

கல்லறைக்குள் ஒரு சுவர். சுவரில் பச்சைப் பிசாசின் முகம். வாய் அகலத் திறந்திருக்கிறது. உள்ளே கும்மிருட்டு. "வழி இருக்கு போல" என்று யாராவது தலையை நீட்டினால் அவ்வளவுதான். எலும்புகூட மிஞ்சாது!

"இது விளையாட்டா, கொலைக்களமா?" என்று ஒரு சாரார் கொதித்தார்கள். "நுழைவிடத்திலேயே புதிர்ப் பாட்டாகத் துப்பு கொடுத்திருக்கே! படிக்காதவன் செத்தால் யார் பொறுப்பு?" என்பது மறுசாரார் வாதம்.

2004ல் 'டன்ஜன்' பத்திரிகை தலைசிறந்த 30 சாகசங்களைப் பட்டியல் போட்டது. இந்தக் கல்லறைக்கு மூன்றாம் இடம்!

மார்க் போடுவதில் முதல் விதி இங்கே கிடைக்கிறது. முன்கூட்டியே துப்பு கொடுத்த பொறி, பரீட்சை. துப்பே இல்லாத பொறி, மோசடி. ஆனாலும் போட்டிக்கு ஏற்ற புத்தகம் வீட்டுக்கு ஏற்றதாகிவிடாது. மூன்று வருஷம் வளர்த்த வீரனை ஒரே மாலையில் பறிகொடுத்தவர் அடுத்த வாரம் விளையாட வரமாட்டார்.

தண்டவாளம் போட்ட கதை

இரண்டாவது விதி, சுதந்திரம்.

1984ல் 'டிராகன்லான்ஸ்' வரிசை வெளியானது. பிரமாதமான கதை. அதையொட்டி வந்த நாவல்களும் சக்கைப் போடு போட்டன. ஆனால் ஆடியவர்களில் பலர் முணுமுணுத்தார்கள். "கதை ஏற்கெனவே முடிவாயிடுச்சு. நாங்க எதுக்கு?" என்றார்கள். இதற்கு அங்கே 'ரயில்ரோடு' என்று பெயர். தண்டவாளம் போட்ட இடத்தில்தான் வண்டி போகும்.

இதற்கு நேர் எதிர், 1979ல் ஜெனல் ஜாக்வேஸ் எழுதிய 'கேவர்ன்ஸ் ஆஃப் திரேசியா'. குகைக்குள் போகப் பல வழி. கீழே இறங்கவும் பல வழி. ஒரு கூட்டம் பத்து நிமிஷத்தில் பார்த்ததை இன்னொரு கூட்டம் பத்து வாரமானாலும் பார்க்காது. இன்றும் வரைபடத்துக்கு உதாரணம் சொல்ல இதைத்தான் எடுக்கிறார்கள்.

டிரேசி, லாரா ஹிக்மன் தம்பதியின் 'ரேவன்லாஃப்ட்' (1983) வேறு தந்திரம் செய்தது. ரத்தக்காட்டேரிப் பிரபுவின் கோட்டை. சீட்டு எடுத்து ஜோசியம் பார்க்கிறார்கள். விழும் சீட்டைப் பொறுத்து ஆயுதம் இருக்கும் இடம் மாறும். வில்லனின் நோக்கமே மாறும்! 2004 பட்டியலில் இதற்கு இரண்டாம் இடம். 2016ல் புது வடிவில் மறுபடி வந்தது.

துணைப் புத்தகமா, வினைப் புத்தகமா?

சாகசம் தவிரத் துணைப் புத்தகங்களும் உண்டு. புது மந்திரம், புது வீரர், புது விதி தருபவை. 1975ல் வந்த 'கிரேஹாக்' திருடன் பாத்திரத்தைச் சேர்த்தது. அது நிலைத்துவிட்டது.

1985ல் வந்த 'அனெர்த்ட் அர்க்கானா' கதை வேறு. அதில் வந்த புது வீரர்கள் சிலர் மிதமிஞ்சிய பலசாலிகள். பழைய வீரனை வைத்திருந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதாயிற்று. வந்த புது ஆள் பழைய ஆளை வேலையில்லாதவன் ஆக்குகிறானா? துணைப் புத்தகத்தை எடை போட இந்த ஒரு கேள்வியே பாதி போதும்.

மார்க் போடுவது யார்?

1977ல் இங்கிலாந்தில் தொடங்கிய 'ஒயிட் டுவார்ஃப்' பத்திரிகை, பள்ளி வாத்தியார் போல 10க்கு இத்தனை என்று மார்க் போட்டது. 2001 முதல் 'என்னி' விருதுகள் உண்டு. நடுவர்கள் பட்டியல் தயாரிக்க, ரசிகர்கள் ஓட்டுப் போடுகிறார்கள்.

ஆனால் விமர்சனம் எழுதுபவர் ஆடிப் பார்த்தாரா? பெரிய கேள்வி இதுதான். படிக்கச் சுவையாக இருப்பது மேஜையில் காலை வாரிவிடும். ஓர் அறையைப் பற்றி ஒரு பக்கம் வர்ணனை. திரைச்சீலை, ராஜாவின் வம்ச சரித்திரம் எல்லாம் இருக்கும். கடைசி வரியில், "கதவுக்குப் பின்னால் பூதம் நிற்கிறது" என்று இருக்கும்! நடத்துபவர் அந்த வரிக்கு வருவதற்குள் ஆட்கள் உள்ளே போய் உட்கார்ந்திருப்பார்கள்.

ஆடிப் பார்த்தவர் சொல்வதையும் அப்படியே நம்ப முடியாது. கெட்டிக்கார நடத்துநர் கையில் சொத்தைப் புத்தகமும் ஜொலிக்கும். பாதியை அவரே மாற்றியிருப்பார். புகழ் மட்டும் புத்தகத்துக்கு!

அதனால் நல்ல விமர்சகர் ரகசியத்தை உடைக்காமலே நாலு விஷயம் சொல்லிவிடுவார். எத்தனை பேர் ஆடினார்கள்? எத்தனை மணி நேரம் ஆயிற்று? எதையெல்லாம் மாற்ற வேண்டி வந்தது? புதியவருக்கா, பழந்தின்று கொட்டை போட்டவருக்கா? இந்த நாலும் இல்லாமல் "ஆஹா, ஓஹோ" என்று மட்டும் எழுதியிருந்தால், பர்சை உள்ளே வைத்துக் கொள்வது நல்லது.

டிராகன் எல்லா அட்டையிலும் கம்பீரமாகத்தான் நிற்கும். உள்ளே இருப்பது டிராகனா, ஓணானா என்பது ஆடினவருக்குத்தான் தெரியும்!