சிறுநீர்ப்பை நிரம்பினால் கருப்பை நகரும்

மகப்பேறு முடிந்த முதற்சில மணி நேரமே தாய்க்கு இடர் மிகுந்த பொழுது. குழந்தை பிறந்துவிட்டது, நச்சுக்கொடியும் வெளிவந்துவிட்டது, உறவினர் கண்களெல்லாம் குழந்தையின் மேல். அவ்வேளையில் தாயின் அருகே நின்று, வயிற்றில் கைவைத்து, "ஒண்ணுக்குப் போனியாம்மா?" என்று கேட்பவர் செவிலியர். சிறுநீரைப் பற்றிய இக்கேள்விக்குள் குருதியைப் பற்றிய கவலை அடங்கியிருக்கிறது.

நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடந்தோறும் ஏறத்தாழ 500 முதல் 700 மில்லிலிட்டர் குருதி பாய்கிறது. நச்சுக்கொடி கழன்ற இடத்தில் குருதிக்குழாய்கள் வாய்திறந்து நிற்கின்றன. அவற்றை முதலில் அடைப்பது கருப்பைத் தசைதான். குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும் தசைநார்கள் சுருங்குகையில், அவற்றினூடே செல்லும் குழாய்கள் நெரிபட்டு மூடிக்கொள்கின்றன. குருதி உறைதல் அதற்குத் துணைநிற்கிறது. தசை தளர்ந்துவிட்டால் குழாய்கள் திறந்தே கிடக்கும். பேற்றுக்குப் பிந்திய பெருங்குருதிப்போக்கின் தலையாய காரணம் இத்தளர்ச்சியே.

இங்கேதான் சிறுநீர்ப்பை குறுக்கிடுகிறது. கருப்பைக்கு முன்னால், அதை ஒட்டியே அமைந்த உறுப்பு அது. நிரம்பி எழும்போது கருப்பையை மேலே தூக்கி, பெரும்பாலும் வலப்புறமாக ஒதுக்குகிறது. கருப்பை நன்றாகச் சுருங்க இடமளிப்பதில்லை. சூல்கொண்ட காலத்தில் உடலில் தேங்கிய நீரை வெளியேற்றச் சிறுநீரகங்கள் முனைவதால், அடுத்த சில நாள்களில் ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் வரைகூடச் சிறுநீர் சுரக்கும். ஆனால் குழந்தையின் தலை அழுத்திய அழுத்தமும், பிறப்பு வழியின் வீக்கமும், முதுகில் செலுத்திய வலிநீக்கி மருந்தும் சேர்ந்து சிறுநீர் உணர்வை மழுக்கிவிடுகின்றன. பை நிறைவதைத் தாயே அறியாள்.

ஆகவே திரையை இழுத்துவிட்டு, செய்யப்போவதைச் சொல்லி, இசைவு பெற்ற பிறகே செவிலியர் கைவைக்கிறார். ஒரு கை இடுப்பின் முன்னெலும்புக்குச் சற்று மேலே கருப்பையைத் தாங்குகிறது. மறுகை அதன் மேல்முகட்டைத் தேடுகிறது. கீழ்க்கையின் தாங்கலின்றித் தளர்ந்த கருப்பையை மேலிருந்து அழுத்தினால், அது உட்புறம் வெளியாகப் புரளக்கூடும். அரிதே எனினும் உயிர்க்கேடு விளைக்கும் நிலை அது. முகடு தொப்புளின் அளவிலோ சற்றுக் கீழோ, நடுக்கோட்டில், கிரிக்கெட் பந்துபோல் கெட்டியாக இருந்தால் நிறைவு. தொப்புளுக்கு மேலே, வலப்புறம் சாய்ந்து, மெத்தென்று இருந்தால், கருப்பையைத் தேய்த்துச் சுருங்கச் செய்துகொண்டே சிறுநீர்ப்பையை வெறுமையாக்க வேண்டும். சிறுநீர் பிரிந்தவுடன் முகடு நடுவுக்குத் திரும்பிக் கெட்டிப்படுவதைக் கையே உணரும்.

"போனேன்" என்ற விடையோடு நின்றுவிடலாகாது. நிரம்பி வழியும் பையிலிருந்தும் சிறிது சிறிதாகச் சிறுநீர் வரும். பெண்ணோ மெய்யாகவே போனதாகச் சொல்வாள். எனவே அளந்து பார்ப்பதே முறை. ஒவ்வொரு முறையும் 150 மில்லிலிட்டருக்கும் குறைவாகவே பிரிந்தால் ஐயுற வேண்டும். ஆறு மணி நேரமாகியும் பிரியவில்லையெனில் வடிகுழாய் தேவைப்படலாம். நம் வீடுகள் சிலவற்றில் பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அது தீங்கானது, ஆயினும் கடிந்து பேசினால் அடுத்த முறை உண்மை வராது. பரிவோடு கேட்பவரிடமே பெண்கள் திறந்து சொல்கிறார்கள்.

குருதியின் அளவைக் கண்ணால் மதிப்பிடுவதை நம்ப முடியாது. மிகுந்த போக்கைக் கண் குறைத்தே காட்டும். 2023-இல் வெளிவந்த 'ஈ-மோட்டிவ்' ஆய்வு இதை ஐயமற மெய்ப்பித்தது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளில், இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட தாய்மாரிடம் நடந்த ஆய்வு அது. அளவுக்கோடிட்ட நெகிழிப் பையைத் தாயின் அடியில் விரித்துக் குருதியை அளந்து, மருத்துவ நடவடிக்கைகளை ஒரே தொகுப்பாக உடன் தொடங்கிய மருத்துவமனைகளில், கடும் குருதிப்போக்கு, அதற்கான வயிற்று அறுவை, அதனால் நேரும் இறப்பு ஆகியவற்றின் கூட்டளவு 60 விழுக்காடு குறைந்தது. வழக்கமான முறையில் குருதிப்போக்கு ஏறத்தாழப் பாதி அளவுக்கே கண்டறியப்பட்டது. அளந்த இடங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல். அப்பையை விரித்து அளந்தவர்களுள் மிகப் பலர் பேறுகாலச் செவிலியர். கண்டறிதலே பாதி மருத்துவம் என்று நான் துணிந்து சொல்வதற்கு இவ்வெண்கள் போதும்.

குருதியழுத்தம் குறையட்டும் என்று காத்திருப்பதும் பிழை. சூல்கொண்ட காலத்தில் குருதியின் அளவு ஏறத்தாழ 40 விழுக்காடு பெருகுவதால், பெரிதும் இழந்த பின்னரே அழுத்தம் விழும். நாடித்துடிப்பு அதற்கு முன்பே விரையும். கருப்பை கெட்டியாக இருந்தும் செங்குருதி ஓயாது வடிந்தால் பிறப்பு வழியில் கிழிசல் இருக்கலாம். குருதி வெளியே சிறிதே தெரிய, கீழ்ப்பகுதியில் தாங்கவொண்ணா வலியும் அழுத்தமும் இருந்தால் உள்ளே குருதி கட்டியிருக்கக்கூடும். "பிள்ளை பெற்றால் வலிக்கத்தானே செய்யும்" என்று அவ்வலியைத் தள்ளிவிடும் பேச்சு எனக்குச் சினமூட்டுகிறது.

அடுத்த நாள்களில் முகடு நாளுக்கு ஒரு விரலளவு இறங்கி, பத்தாம் நாளையொட்டி வயிற்றில் கைக்குத் தட்டுப்படாமல் போகும். பேறு முடிந்ததும் ஏறத்தாழ ஒரு கிலோ இருந்த கருப்பை ஆறு வாரத்தில் நூறு கிராமுக்குள் சுருங்கிவிடும். பேற்றுக்குப் பின் வழியும் போக்கின் நிறமும் செம்மையிலிருந்து பழுப்பாகி வெளிறும். வெளிறிய பின் மீண்டும் செங்குருதி பெருகினாலோ, தீநாற்றமும் காய்ச்சலும் சேர்ந்தாலோ உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். பெண்ணின் சிறுநீர் வழி நான்கு சென்டிமீட்டர் அளவே ஆதலால் கிருமிகள் எளிதில் ஏறும். எரிச்சலையும் அடிக்கடி முட்டுவதையும் கேட்டறிய வேண்டும்.

ஆறாம் வாரத்தில் குழந்தையின் தடுப்பூசிக்காகத் தாய் வருகிறாள். அப்போது தும்மினால், சிரித்தால், குடம் தூக்கினால் சிறுநீர் கசிகிறதா என்று வெளிப்படையாகவே கேட்க வேண்டும். கேளாவிடில் அவள் சொல்லமாட்டாள். தாய்மைக்குரிய விலை என்றெண்ணி ஆண்டுக்கணக்கில் துணியை மடித்து வைத்துக்கொண்டு வாழ்வாள். இடுப்படித் தசைகளைச் சுருக்கி விடும் பயிற்சியை நாள்தோறும் முறையாகச் செய்தால் பலருக்குக் கசிவு குறைகிறது, நின்றுபோவதும் உண்டு.