எட்வர்டு பால்ஃபோர்

எட்வர்டு கிரீன் பால்ஃபோர் (6 செப்டம்பர் 1813 – 8 டிசம்பர் 1889) ஸ்காட்லாந்தில் பிறந்து, சென்னை மாகாணத்தில் பணியாற்றிய அறுவை மருத்துவர் ஆவார். சென்னை அரசு அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளராக இருந்து அதனை உருவாக்கியவர். இந்தியாவின் முதல் பொது விலங்குக் காட்சிச்சாலை எனக் கருதப்படும் சென்னை விலங்குக் காட்சிச்சாலையும் இவரது முயற்சியால் தோன்றியதே.

வாழ்க்கை

பால்ஃபோர் ஸ்காட்லாந்தின் மாண்ட்ரோசில் பிறந்தார். எடின்பரோவில் மருத்துவம் பயின்று 1834-இல் இந்தியா வந்தார். பாரசீகமும் இந்துஸ்தானியும் நன்கு அறிந்திருந்தமையால், சேப்பாக்கத்தில் நவாபு குடும்பம் தொடர்பான அரசுப் பணிகளும் இவரிடம் ஒப்படைக்கப்பட்டன. காடுகளுக்கும் மழைக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 1840-களிலேயே எழுதியுள்ளார். காடழிப்பு வறட்சிக்கு வழிவகுக்கும் என்பது இவரது கருத்து. 1871 முதல் 1876 வரை சென்னை மாகாணத் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்தார்.

அருங்காட்சியகம்

சென்னைக்கு ஓர் அருங்காட்சியகம் வேண்டும் என்ற கோரிக்கை 1846-இல் சென்னை இலக்கியச் சங்கத்திலிருந்து எழுந்தது. அச்சங்கம் வழங்கிய ஏறத்தாழ 1,100 நிலவியல் மாதிரிகளைக் கொண்டு 1851-இல் அருங்காட்சியகம் தொடங்கியது. முதலில் நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தின் மாடியில் இயங்கியது. இடம் போதாமையால் 1854-இல் எழும்பூர் பாந்தியன் வளாகத்திற்கு மாற்றப்பட்டது. இன்றும் அங்கேயே உள்ளது. அமராவதிச் சிற்பங்களுக்கும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளுக்கும் பின்னர் பெயர்பெற்ற இந்நிறுவனம், தொடக்கத்தில் பெரும்பாலும் கற்களையும் கனிமங்களையும் கொண்டதாகவே இருந்தது.

கற்களைக் காணக் கூட்டம் வருவதில்லை. ஆனால் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருந்த உயிருள்ள சிறுத்தையையும் புலியையும் காண ஆயிரக்கணக்கானோர் வருவதைப் பால்ஃபோர் கவனித்தார். கர்நாடக நவாபிடம் பேசி, அவர் வளர்த்துவந்த விலங்குகள் அனைத்தையும் கொடையாகப் பெற்றார். 1855-இல் பாந்தியன் வளாகத்திலேயே விலங்குக் காட்சிச்சாலை உருவானது. ஓராண்டிற்குள் பாலூட்டிகள், பறவைகள், ஊர்வன என 300-க்கும் மேற்பட்ட உயிர்கள் அங்கு இருந்தன. பால்ஃபோர் 1859 வரை அருங்காட்சியகப் பொறுப்பில் இருந்தார்.

சென்னை மக்கள் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் விலங்குக் காட்சிச்சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் அழைத்தனர். அருங்காட்சியகம் முதலில் கல்லூரிக் கட்டடத்தில் இருந்ததே இப்பெயர்களுக்குக் காரணம் எனக் கூறப்படுகிறது. பால்ஃபோர் கண்டுகொண்ட வேறுபாட்டை இவ்விரு பெயர்களும் இரண்டிரண்டு சொற்களில் சொல்லிவிடுகின்றன.

பீலின் அருங்காட்சியகத்துடன் ஒப்பீடு

இதே வழியை ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் மேற்கொண்டவர் சார்லஸ் வில்சன் பீல் (1741–1827). இவர் மருத்துவர் அல்லர். ஜார்ஜ் வாஷிங்டனைப் பலமுறை நேரில் அமரவைத்து வரைந்த உருவப்பட ஓவியர். 1786-இல் பிலடெல்பியாவில் தம் வீட்டிலேயே அருங்காட்சியகம் தொடங்கினார். சுவரின் மேற்பகுதியில் விடுதலைப் போர் வீரர்களின் படங்களும், கீழே பாடம்செய்த பறவைகளும் வைக்கப்பட்டன. 1801-இல் நியூயார்க் மாநிலத்தில் மாஸ்டடான் எனும் அழிந்துபட்ட யானையின விலங்கின் எலும்புகளைத் தோண்டியெடுத்துக் கோத்து நிறுத்தினார். உயிருள்ள விலங்குகளையும் வளர்த்தார். அவற்றுள் ஒரு கரடி கூண்டிலிருந்து தப்பியதால் சுட்டுக்கொல்லப்பட்டது.

பீலின் நிறுவனம் நுழைவுக் கட்டணத்தை நம்பியிருந்தது. அரசு தன் அருங்காட்சியகத்தை ஏற்க வேண்டும் என அவர் பலமுறை வேண்டியும் பயனில்லை. அவர் மறைந்து கால் நூற்றாண்டிற்குள் அவரது தொகுப்பு விற்கப்பட்டுச் சிதறியது. சென்னை அருங்காட்சியகமோ தொடக்கம் முதலே அரசுடையது. தொகுப்பு சிதறாமல் இருந்ததற்கு இதுவே முதன்மையான காரணம்.

பிற பணிகள்

இந்தியாவைப் பற்றிய இவரது கலைக்களஞ்சியம் 1857-இல் வெளிவந்தது. அதன் மூன்றாம் பதிப்பு 1885-இல் மூன்று தொகுதிகளாக வந்தது. பெங்களூர் அருங்காட்சியகம் (1865) அமையவும் வழிகாட்டினார். மகப்பேறு மருத்துவ நூல் ஒன்றைத் தாமே இந்துஸ்தானியில் மொழிபெயர்த்தார். தமிழ், தெலுங்கு, கன்னட மொழிபெயர்ப்புகளைத் தம் சொந்தச் செலவில் அச்சிட்டார். பெண்கள் மருத்துவம் பயில ஆதரவளித்தார். 1875-இல் மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்கள் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தனர். பெண்களின் மருத்துவக் கல்வியை ஊக்குவிக்க 1891-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இவர் நினைவாகத் தங்கப்பதக்கம் ஏற்படுத்தப்பட்டது.

உயிர் காலேஜின் பிற்காலம்

1863-இல் விலங்குக் காட்சிச்சாலை மாநகராட்சியிடம் ஒப்படைக்கப்பட்டு, சென்ட்ரல் தொடர்வண்டி நிலையத்தை அடுத்த 116 ஏக்கர் மக்கள் பூங்காவிற்கு மாற்றப்பட்டது. அங்கு நுழைவுக் கட்டணம் இல்லை. சென்ட்ரலுக்கு வடக்கே அடுத்த நிலையமான பேசின் பிரிட்ஜ், வால்டாக்ஸ் சாலை ஆகிய பகுதிகளின் தொழிலாளர் குடும்பங்களுக்கு இது நடந்தே சென்றுவரக்கூடிய தொலைவு. எழும்பூரில் இருந்ததைவிட வடசென்னைக்கு இது அணுக்கமான இடமாயிற்று.

பூங்கா பிற்காலத்தில் சிறிது சிறிதாகச் சுருங்கியது. மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, நேரு விளையாட்டரங்கம் ஆகியன அதன் நிலத்தில் எழுந்தவையே. நகர நெரிசலில் விலங்குகளுக்கு இடமில்லாமற் போகவே, காட்சிச்சாலை வண்டலூருக்கு மாற்றப்பட்டது. அங்கு 1985-இல் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா திறக்கப்பட்டது. அதே ஆண்டில் மூர் மார்க்கெட் தீக்கிரையானது.