முயல் சுடுதற்கேற்ற துப்பாக்கியும் தோட்டாவும்

பிரிட்டனில் முயலானது இளங் கோதுமைப் பயிருக்குப் பெரும் பகையாகும். ஆயினும் அதனைச் சுடும் உரிமையை நிலச்சுவான்தார்கள் குத்தகைப் பத்திரத்தின் மூலம் பெரும்பாலும் தமக்கே வைத்துக்கொண்டிருந்தனர். 1880-ம் வருஷத்துச் சட்டம் அவ்வுரிமையை நிலத்தை அநுபவிக்கும் குடியானவருக்கும் அளித்தது; அதை விட்டுக்கொடுப்பதாக அவர் எழுதிக் கொடுத்தாலும் செல்லாதென்று விதித்தது. ஆகவே துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கும் முறை அவருக்கு அவசியமாயிற்று. அம்முறை வருமாறு:

1. குழல்: ஒரு ராத்தல் ஈயத்தைச் சமமான 12 குண்டுகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்று சரியாகப் பொருந்தும் குழலே 12 போர் எனப்படும். எண் ஏற ஏறக் குழல் சிறுக்கும். 20 போர் குழல் 12 போரினும் குறுகியது. முயலுக்கு 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கியே பெரிதும் வழங்கி வருகிறது.

2. ரவை: முயலுக்கு 5 அல்லது 6-ம் நம்பர் ரவை தக்கது. ஓர் அவுன்சில் 5-ம் நம்பர் சுமார் 220-ம், 6-ம் நம்பர் சுமார் 270-ம் இருக்கும். பெரிய ரவை எண்ணிக்கையில் குறைவாதலால் இடைவெளியில் முயல் தப்பும். மிகச் சிறியதற்கு வேகம் விரைவிற் குன்றும். 40 கெஜத்துக்கு அப்பால் ரவைகள் சிதறிப் பிராணியைக் கொல்லாமல் புண்படுத்துமாதலால், சுடாதிருப்பதே நலம்.

3. தோட்டா: 20 போர் தோட்டா 12 போர் குழலுள் நழுவி நடுவே சிக்கிக்கொள்ளும். குழல் காலியென்றெண்ணி 12 போர் தோட்டாவை இட்டுச் சுட்டால் குழல் வெடித்துக் கையே போகும். இதுபற்றியே 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறமிடுகின்றனர். இரண்டையும் ஒரே பையில் வைத்தல் கூடாது. இரண்டரை அங்குல அறையுள்ள பழைய துப்பாக்கியில் இரண்டே முக்கால் அங்குலத் தோட்டா நுழைந்துவிடும். ஆனால் சுடுங்கால் அதன் மடிப்பு விரிந்து வழியை அடைத்து, அழுத்தத்தை அபாயகரமாக உயர்த்தும்.

4. ரைபில்: .22 ரைபிலின் குண்டு ஒரு மைலுக்கு மேலும் செல்லவல்லது. கல்லிலும் நீரிலும் பட்டுத் தெறிக்கும். பின்னால் மண்மேடு இருந்தாலன்றிச் சுடலாகாது.

நமது நாட்டில் 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றமாகும். துப்பாக்கி வைத்திருக்க 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். எனினும், பயிர்க் காவலுக்காக லைசென்ஸ் பெற்றுள்ள அங்கத்தினர்கள், தோட்டாவைப் பற்றி மேலே கூறிய எச்சரிக்கைகளைத் தவறாது கைக்கொள்வார்களாக.