முயல் ஏன் வெடுக்கென்று கடிக்கிறது?

வீட்டு முயலின் மூக்குக்கு நேராக ஒரு கொத்தமல்லிக் காம்பை நீட்டிப் பாருங்கள். தூரத்தில் வரும்போதே அது காம்பைப் பார்த்துவிடும். ஆனால் மிக அருகில் வந்ததும் தடுமாறும். மூக்கை அசைக்கும், மீசையால் தடவும், உதட்டால் அங்கும் இங்கும் துழாவிய பிறகுதான் காம்பு வாய்க்குள் போகும். கண்ணெதிரே இருப்பது எப்படித் தெரியாமல் போனது?

முயலின் கண்கள் நம்முடையவைபோல் முன்பக்கம் இல்லை. தலையின் இரு பக்கத்திலும், சற்று மேலே தள்ளி இருக்கின்றன. அதனால் பின்னால் பதுங்கி வரும் பூனையையும், தலைக்கு மேல் வட்டமிடும் பருந்தையும் கழுத்தைத் திருப்பாமலே பார்த்துவிடும். ஏறக்குறைய முழு வட்டமும் அதன் பார்வைக்குள் அடங்கும். அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. மூக்கு நுனிக்கு நேர் முன்னாலும் தாடைக்குக் கீழேயும் இருக்கும் ஒரு சிறு இடம் அதற்குத் தெரியவே தெரியாது.

சரி, இப்போது உங்கள் கை வருகிறது. ஆசையாக மூக்கைத் தொடத்தான் நீட்டுகிறீர்கள். முயலுக்கோ, இவ்வளவு நேரம் தெரிந்த கை திடீரென்று காணோம். போதாததற்கு விரலில் கேரட் வாசம் வேறு அடிக்கிறது. வெடுக்! நீங்கள் “ஆ!” என்று அலறுகிறீர்கள். கேரட் ஏன் கத்துகிறது என்று முயல் முழிக்கிறது.

இந்த வகைக் கடியை நிறுத்துவது சுலபம். முயலைத் தொடும் முன் கையைக் கழுவிவிடுங்கள். முன்னாலிருந்து நீட்டாமல், பக்கவாட்டில் தாழ்வாகக் கையைக் கொண்டுபோய் நெற்றியைத் தொடுங்கள். நெற்றியும் கன்னமும் பெரும்பாலான முயல்களுக்குப் பிடித்த இடங்கள். தாடை, வயிறு, பாதம், வால் பக்கம் போகாதீர்கள். கூண்டுக் கம்பி வழியாக விரலை நுழைத்து ஆட்டவும் வேண்டாம். உள்ளே வருவதெல்லாம் தின்னத்தான் என்று முயல் முடிவு கட்டிவிடும்.

பல்லைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். முயலுக்கு மொத்தம் 28 பற்கள். மேல் தாடையில் முன்பற்கள் இரண்டுதான் வெளியே தெரியும். அவற்றுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு சின்னதாக இன்னும் இரண்டு உண்டு. எலிக்கும் அணிலுக்கும் இந்த ஒளிந்த ஜோடி கிடையாது. முயலை எலிக் கூட்டத்தில் சேர்க்காமல் விஞ்ஞானிகள் தனி வரிசையில் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எல்லாப் பற்களும் நகம் வளர்வதுபோல் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லையும் வைக்கோலையும் அரைத்து அரைத்துத்தான் அவை தேய வேண்டும்.

அணில் கொட்டையைத் தின்பதைப் பார்த்திருப்பீர்கள். முன்னங்கால் இரண்டாலும் கொட்டையைப் பிடித்து உருட்டி உருட்டிக் கொறிக்கும். முயலால் அப்படிப் பிடிக்க முடியாது. அதன் முன்னங்கால்கள் ஓடவும் தோண்டவும் ஆனவை. ஆகவே கை செய்யும் வேலையையும் வாய்தான் செய்ய வேண்டும். ஒரு பொருள் என்ன என்று சோதிக்க வேண்டுமா, இழுத்து நகர்த்த வேண்டுமா, பக்கத்தில் படுத்திருக்கும் முயலிடம் “கொஞ்சம் தள்ளு” என்று சொல்ல வேண்டுமா, எல்லாவற்றுக்கும் பல்தான். உங்கள் கால் கட்டைவிரலை அது லேசாகக் கவ்வினால், பெரும்பாலும் கோபமாக இருக்காது. வழியை மறித்துக்கொண்டு நிற்கிறீர்கள், அவ்வளவுதான்.

பயத்தில் கடிப்பது வேறு கதை. அது பெரும்பாலும் தூக்கும்போதுதான் நடக்கும். ஏன் என்று தெரிய, முயலின் பூர்வீகத்தைப் பார்க்க வேண்டும்.

நாம் வளர்க்கும் வெள்ளை, கறுப்பு, புள்ளி முயல்கள் எல்லாம் ஒரே இனம். ஸ்பெயின், போர்ச்சுக்கல் பக்கத்துப் புல்வெளிகளில் வளை தோண்டி வாழ்ந்த ஐரோப்பிய முயலின் வாரிசுகள். கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூரில் மத்திய அரசின் ஆராய்ச்சிப் பண்ணை ஒன்று இருக்கிறது. அங்கே வளர்க்கும் சோவியத் சின்சில்லாவும் வெள்ளை ஜெயண்டும்கூட இந்த இனம்தான். நம் ஊர்க் காடுகளிலும் கொல்லைகளிலும் ஓடும் காட்டு முயல் வேறு இனம். அது வளை தோண்டாது. அதன் குட்டிகள் பிறக்கும்போதே முடியோடும் திறந்த கண்ணோடும் இருக்கும். வீட்டு முயல் குட்டிக்குப் பிறக்கும்போது முடி இருக்காது. பத்து நாள் வாக்கில்தான் கண் திறக்கும். (காட்டு முயலைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். யாராவது கொண்டுவந்து கொடுத்தாலும் வாங்காதீர்கள்.)

புல்வெளியில் வாழும் முயலின் கால் எப்போது தரையை விட்டு முழுசாக மேலே போகும்? தானாகத் துள்ளும்போது போகும். இல்லையென்றால் கழுகின் காலிலோ நரியின் வாயிலோ மாட்டும்போது. நீங்கள் மேலிருந்து குனிந்து, இரண்டு கையாலும் வளைத்துத் தூக்கினால் முயலின் உடம்பு எதை நினைக்கும் என்று நீங்களே யோசியுங்கள். அது உங்களை வெறுக்கவில்லை. பிழைக்கப் பார்க்கிறது.

அப்படித் திமிறும்போது பின்னங்கால்களால் ஓங்கி உதைக்கும். முயலின் எலும்புகள் எடை குறைந்தவை, தசைகளோ வலுவானவை. பிடி சரியில்லாமல் உதைத்தால் அதன் முதுகெலும்பே முறிந்துபோகலாம். ஆகவே காதைப் பிடித்துத் தூக்குவது கூடவே கூடாது. தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால், ஒரு கை மார்புக்கு அடியில், இன்னொரு கை பின்பக்கத்துக்கு அடியில் தாங்கி, உங்கள் உடம்போடு அணைத்துக்கொள்ளுங்கள். மல்லாத்திப் படுக்கவைத்தால் அசையாமல் கிடக்கும். சிலர் அதைத் தூங்குகிறது என்று படம் பிடிப்பார்கள். அது தூக்கமே இல்லை, பயத்தில் உறைந்துபோன நிலை. என்னைக் கேட்டால், சிறுவர்கள் முயலைத் தூக்கவே வேண்டாம். தரையில் உட்காருங்கள். அது உங்களிடம் வரட்டும்.

இனி இந்தக் கட்டுரையின் முக்கியமான ஆளைப் பார்ப்போம். அமெரிக்காவில் எட்வர்ட் தார்ண்டைக் என்று ஓர் உளவியலாளர் இருந்தார். பசித்த பூனையை ஒரு பெட்டிக்குள் விட்டு, வெளியே மீன் துண்டு வைப்பார். பூனை பிறாண்டும், கடிக்கும், முட்டும். தற்செயலாக ஒரு கயிற்றை இழுத்துவிட்டால் கதவு திறந்துகொள்ளும். அதே பூனையைத் திரும்பத் திரும்ப உள்ளே விட்டபோது, வீண் முயற்சிகள் குறைந்துகொண்டே வந்தன. கடைசியில் உள்ளே போனதும் நேரே கயிற்றை இழுத்தது. 1898இல் அவர் இதை எழுதி வெளியிட்டார். எந்தச் செயல் நல்ல பலன் தருகிறதோ அது மறுபடி வரும். பலிக்காதது மெல்ல மறையும்.

இப்போது உங்கள் மடியில் முயல். அதற்கு இறங்க வேண்டும். முதலில் நெளிகிறது, நீங்கள் விடவில்லை. சட்டையைக் கவ்வி இழுக்கிறது, சிரிக்கிறீர்கள். விரலைக் கடிக்கிறது, உடனே இறக்கி விடுகிறீர்கள். பூனை கயிற்றைக் கண்டுபிடித்துவிட்டது! நாளைக்கு நெளிவதெல்லாம் கிடையாது, நேரே கடிதான். முயலுக்கு நாம் பாடம் நடத்துவதாக நினைப்போம். பல வீடுகளில் அதுதான் நமக்கு நடத்திக்கொண்டிருக்கும்.

இதை மாற்ற, கடி வரும் முன்பே இறக்கிவிட வேண்டும். முயல் சொல்லாமல் கடிப்பது அபூர்வம். உடம்பு விறைக்கும், காதுகள் முதுகோடு படியும், மடியில் நிலைகொள்ளாமல் நகரும். தொடக்கத்தில் பத்து வினாடி வைத்திருந்து, அமைதியாக இருக்கும்போதே தரையில் விட்டு, ஒரு கொத்தமல்லி இலை கொடுங்கள். பிறகு இருபது வினாடி. அதையும் மீறிக் கடித்துவிட்டால், கீச்சென்று சின்னதாக ஒரு குரல் கொடுங்கள். வலித்தால் முயலும் அப்படித்தான் கத்தும். கையை வெடுக்கென்று இழுக்காமல், அது அடங்கும்வரை ஒரு கணம் பொறுத்து இறக்குங்கள். மூக்கில் தட்டுவது வேண்டவே வேண்டாம். கை என்றால் அடி என்று கற்றுக்கொண்ட முயல், அடுத்த தடவை கையைப் பார்த்ததுமே பாயும்.

சில கடிகளுக்கு வீட்டுரிமைதான் காரணம். நான்கிலிருந்து ஆறு மாதத்துக்குள் முயல் பெரிதாகிவிடும். அப்போது கூண்டுக்குள் கை விட்டால், குறிப்பாகப் பெண் முயல், உறுமிக்கொண்டு பாயலாம். அதை வெளியே உலாவ விட்டுவிட்டுக் கூண்டைச் சுத்தம் செய்யுங்கள். கருத்தடை அறுவை சிகிச்சை செய்தால் இந்த முரட்டுத்தனம் சில வாரங்களில் பெரும்பாலும் குறையும். கால்நடை மருத்துவரிடம் வீட்டுப் பெரியவர்கள் பேசட்டும். தன் வயிற்று முடியைப் பிடுங்கிக் கூடு கட்டும் முயலிடம் மட்டும் நெருங்கவே நெருங்காதீர்கள்.

விளையாட ஏற்ற நேரம் விடிகாலையும் அந்தியும். நடுப்பகலில் அது கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும். முழித்திருக்கிறது என்று நினைத்துச் சீண்டினால் கடி நிச்சயம். துரத்துவது விளையாட்டு ஆகாது. அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, உள்ளே காய்ந்த புல்லைத் திணித்துக் கொடுங்கள். பல்லுக்கும் வேலை, உங்கள் விரலுக்கும் ஓய்வு.

சாதுவாக இருந்த முயல் திடீரென்று கடிக்க ஆரம்பித்தால், எங்கோ வலிக்கிறது என்று சந்தேகப்படுங்கள். பல் கூர்மையாக வளர்ந்து நாக்கைக் கீறியிருக்கலாம், காதில் உண்ணிப் பூச்சி இருக்கலாம், பாதத்தில் புண் இருக்கலாம். கூடவே தீனியும் தின்னவில்லை என்றால், அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். கடிபட்ட உங்கள் விரலையும் மறக்காதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவி, வீட்டில் சொல்லி, ரத்தம் வந்திருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

விடுமுறைக்கு ஒரு வேலை தருகிறேன். ஒரு நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள். முயல் கடித்தால், அதற்கு முந்தைய நிமிடம் என்ன நடந்தது என்று முதல் கட்டத்தில் எழுதுங்கள். கடித்தவுடன் முயலுக்கு என்ன கிடைத்தது என்று இரண்டாவதில். பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று மூன்றாவதில். ஒரு வாரம் கழித்துப் படித்துப் பாருங்கள், தார்ண்டைக் அங்கே இருப்பார். மூன்றாவது கட்டத்தில் தம்பியின் பெயரே திரும்பத் திரும்ப வந்தால், அவன் எவ்வளவு கெஞ்சினாலும் அழிக்காதீர்கள்.