எஞ்சின் இல்லாமலும் பறக்கலாம்

விமானம் ஓட்டப் பழகுவது பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டுந்தான் என்று நினைக்கிறீர்களா? ஜேர்மனியைப் பாருங்கள். முதலாம் உலகப் போரில் தோற்ற அந்நாட்டில் எஞ்சின் விமானங்களுக்குக் கடும் கட்டுப்பாடுகள் வந்தன. 1920இல் இளைஞர்கள் எஞ்சினில்லாத கிளைடர்களுடன் வாசர்குப்பே மலையில் கூடினார்கள். அந்தப் பழக்கம் இன்றும் ஊருக்கு ஊர் கழகங்களாக வாழ்கிறது.

தரையில் நிற்கும் வின்ச் இயந்திரம் நீண்ட கம்பியால் கிளைடரை இழுத்து, ஒரு நிமிடத்துக்குள் சில நூறு மீற்றர் உயரத்துக்கு ஏற்றிவிடும். எரிபொருள் செலவு அவ்வளவுதான். பிறகு, வெயிலில் சூடாகி மேலெழும் காற்றைத் தேடிப் பிடித்து, பருந்தைப் போல வட்டமிட்டு உயர வேண்டும். நல்ல கிளைடர் ஒரு கிலோமீற்றர் உயரத்திலிருந்து 40 கிலோமீற்றர் தூரம் வழுக்கிச் செல்லும்.

செலவு குறைய இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு இதுவே பெரிதாகப்படுகிறது. கிளைடர் கழகத்தின் பொதுச்சொத்து. ஆசிரியர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத உறுப்பினர்களே. பழகுபவர் மற்றவர்களுக்காகக் கம்பி கொளுவ வேண்டும், இறக்கையைப் பிடித்தபடி ஓட வேண்டும், குளிர்காலத்தில் பட்டறையில் நின்று பழுதுபார்க்க வேண்டும். பத்து நிமிடம் பறப்பதற்குள் ஒரு நாளே போய்விடும். நேரமில்லாதவருக்கு இது மலிவல்ல. பிள்ளைகளுக்கோ நேரமிருக்கிறது. ஆசிரியரோடு பறந்து தேறிய 14 வயதுப் பிள்ளை அங்கே தனியாகப் பறக்கலாம். கார் ஓட்டத்தான் அந்த வயதில் விடமாட்டார்கள்!