வாழ்த்தும் வழிபாடும்

தைப்பொங்கல், தீபாவளி, கிறிஸ்துமஸ் வரும்பொழுதெல்லாம், தர்மபுரி மாவட்டத்து மொரப்பூரைப் போன்ற ஊர்களில் சுவரோடு சுவர் ஒட்டி வாழும் நம் இல்லங்களில் ஒரு வினா எழுவதுண்டு. பெருநாளன்று நம்மை வாழ்த்திய அண்டை வீட்டார் கரும்பும் பழமும் கொண்டு வருகின்றனர். மகன் மகிழ்ந்து வாழ்த்துகின்றான். பாட்டனாரோ, “இது ஈமானுக்கு இழுக்கு” என்று கடிந்து கொள்கின்றார். எவர் சொல் சரி?

மார்க்க அறிஞர்களிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு. பிறர் சமயச் சடங்குகளுக்காக வாழ்த்துவது கூடாதென்று இமாம் இப்னுல் கையிம் (மறைவு 1350) கடுமையாகத் தீர்ப்பளித்தார். நம் காலத்து அறிஞர் யூசுஃப் அல்கர்ளாவி (மறைவு 2022) போன்றோர், நம்மோடு அமைதியாக வாழ்வோரை நல்ல சொல்லால் வாழ்த்துவது ஆகும் என்றனர். பாட்டனாரின் அச்சத்திற்கும் ஆதாரம் உண்டு; பேரனின் பண்புக்கும் ஆதாரம் உண்டு.

நம்மோடு போரிடாத, நம்மை வீடுகளிலிருந்து வெளியேற்றாத மக்களுக்கு நன்மை செய்வதையும் நீதி செலுத்துவதையும் இறைவன் தடுக்கவில்லை என்பது திருமறை (60:8) தரும் தெளிவு. இணைவைப்பவராக இருந்த தம் அன்னை தம்மை நாடி வந்தபொழுது, உறவு பேணலாமா என்று அஸ்மா (ரலி) அவர்கள் கேட்டார்கள். பேணுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் தம் இல்லத்தில் ஆடு அறுக்கப்பட்டபொழுது, அண்டையிலிருந்த யூதருக்கு அதில் கொடுத்தீர்களா என்றே வினவினார்கள்.

கரும்புக்கும் பழத்திற்கும் விடை உண்டு. நெருப்பு வணங்கிகள் தம் பண்டிகையன்று அனுப்பும் அன்பளிப்பைப் பற்றி அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டது. அந்நாளுக்கென அறுக்கப்பட்டதை உண்ணாதீர்கள், அவர்களின் மரங்களில் விளைந்ததை உண்ணுங்கள் என்று அவர்கள் பிரித்துரைத்தார்கள். எல்லைக்கோடு இதுவே. வழிபாட்டில் பங்கு கொள்வது வேறு. அண்டை வீட்டாரின் அன்பை ஏற்பது வேறு. படையலாக வந்ததை மறுக்க நேர்ந்தாலும் முகமலர்ச்சியோடு மறுக்கலாம். அவர்கள் வணங்குபவற்றை ஏசுவதையோ திருமறையே (6:108) தடுத்துவிட்டது.

நாகூர் தர்காவின் 131 அடி உயரப் பெரிய மினாராவை எழுப்பியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். அதனால் அவர் தம் சமயத்தைத் துறந்தவராகவில்லை. அதை ஏற்றுக்கொண்டதால் நம் முன்னோர் தம் ஈமானை இழந்தவராகவுமில்லை.

ஆகவே, வாழ்த்தத் தயங்கும் பெரியவரைப் பழிக்க வேண்டா; “நலமுடன் வாழ்க, விளைச்சல் பெருகுக” என்று அவர் கூறினாலே போதும். வாழ்த்தும் இளைஞனை மார்க்கத்தை விட்டவன் என்று தூற்றவும் வேண்டா. தொழுகையில் உறுதியும் நாவில் இனிமையும் ஒருங்கே உடையவர்களாக வல்ல அல்லாஹ் நம்மை ஆக்கி அருள்வானாக! ஆமீன்.