ஹார்ட் டிஸ்க் ஹெட் பிரேக் போடுவது எப்படி?

உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு மோட்டார்கள் உள்ளன. ஒன்று தட்டுகளைச் சுழற்றுகிறது. 7,200 ஆர்.பி.எம். என்று விளம்பரங்களில் பார்க்கிறீர்களே, அது இதன் வேகம்தான். மற்றொன்று வாய்ஸ் காயில் மோட்டார். டேட்டாவைப் படிக்கும் ஹெட்டை வேண்டிய டிராக்கிற்கு இது கொண்டு செல்கிறது. கடினமான வேலை இதற்குத்தான்.

மிகக் குறைந்த நேரத்தில் போய்ச் சேர வேண்டுமானால், பாதி தூரம் முழு விசையுடன் முடுக்கி, மீதி தூரம் முழு பிரேக் போட வேண்டும். 1950களில் சோவியத் கணித அறிஞர் பொன்ட்ரியாகின் குழுவினர் உருவாக்கிய ஆப்டிமல் கன்ட்ரோல் கணக்கு தரும் விடை இது. (நம் ஊர் மினி பஸ் டிரைவர்கள் கணக்குப் போடாமலே இதைச் செய்கிறார்கள்!) ஆனால் மோட்டாரின் விசை கணக்கிலிருந்து சிறிது மாறினாலும் ஹெட் டிராக்கைத் தாண்டிவிடும்; திரும்பி வரும்; மறுபடி தாண்டும். எனவே டிராக்கை நெருங்கியதும், மிச்சமுள்ள தூரத்தையும் வேகத்தையும் பார்த்து விசையை மெதுவாகக் குறைக்கும் முறையை, 1987ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வில் மைக்கேல் வொர்க்மேன் விவரித்தார். நேரம் சற்றுக் கூடும்; ஆனால் ஹெட் நிற்கும். இது லாபமான பேரம் என்பேன்.

ஃபைல்கள் காப்பி ஆகும்போது யு.எஸ்.பி. ஹார்ட் டிஸ்க்கை அசைக்காதீர்கள். லேசான ஆட்டத்தை இந்த கன்ட்ரோல் சமாளிக்கும். கீழே விழுந்தால் ஹெட் தட்டில் உரசி, உங்கள் போட்டோக்கள் போய்விடலாம். எஸ்.எஸ்.டி.யில் மோட்டாரே கிடையாது.